பைப் வாங்கிய வகையில்

ஆடிட்டர் சார்,
மூன்றாம் பேரேடு, நாற்பத்தேழாம் பக்கம்,
நீங்கள் சிவப்பு மையால் வட்டமிட்ட வரி:
நாலங்குல பைப், இருநூற்றுப் பதினெட்டு துண்டு.
ஓரத்தில் உங்கள் சாய்ந்த எழுத்து:
ஆஸ்பத்திரிக்கு எதற்கு?

முட்டுவலியோடு மூன்று மாடி ஏறித் தேடினீர்களாம்,
பியூன் வர்கீஸ் சொன்னான்.
கேட்டிருந்தால் கீழேயே சொல்லியிருப்பேன்.
திங்கள்சந்தையின் இந்த
அறுபது கட்டில் தரும ஆஸ்பத்திரியில்
அந்த பைப்பில் ஒரு சாணும் இல்லை.
எல்லாம் சூசைத்துறையில்
மணலுக்கடியில் கிடக்கிறது.
கருமணல். தோண்டத் தோண்டச் சரியும்.

ஆனி பிறந்தால் கடல் ஏறும்.
ஏவிஎம் கால்வாயின் கெட்ட தண்ணீர்
கிணறுகளுக்கு விருந்து போகும்.
நாலாம் நாள் நம் குழந்தைகள் வார்டில்
கட்டிலுக்கு இரண்டு பிள்ளை,
கண் குழிந்து, உதடு வெடித்து.
ஜெர்லின் சிஸ்டர் முகவரி எழுதி எழுதிக்
கடைசியில் 'மேற்படி' என்று போட ஆரம்பித்தாள்.
மேற்படி தெரு. மேற்படி கிணறு.

மீன் விற்கும் லூர்தம்மாள்,
ஒரே மழையில் மூன்றாம் தடவை மகனைத் தூக்கி வந்தவள்,
டாக்டர் சுகிர்தராஜிடம் கேட்டாள்:
"இந்தக் கட்டில எனக்க பேருல எழுதித் தருவியளா?"
அவர் சிரிக்கவில்லை.
சொட்டும் சலைனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருடம் ஸ்கேன் மிஷின் வரவேண்டியது.
வரவில்லை.
அந்தப் பணம்தான் பைப்;
மேட்டுக் கிணற்றிலிருந்து துறை வரைக்கும் நல்ல தண்ணீர்.
எதிர்த்து எழுதிக் கொடுத்தவள் நான்.
கடிதம் கோப்பில் இருக்கிறது, பாருங்கள்:
"குடிதண்ணீர் பஞ்சாயத்து வேலை.
வந்தவரைப் பார்ப்பதே நம் வேலை."
சம்பளம் பதினொரு நாள் பிந்திய கோபமும்
அதில் இருந்தது.

பஞ்சாயத்துக்கு ஏழு நடை.
எந்தத் தெருவுக்கு முதல் குழாய் என்று
கோயில் பக்கமும் குருசடிப் பக்கமும்
இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
வள்ளம் இறங்காத தடைக்காலத்தில்
கரையில் இருந்த ஆண்கள் மண்வெட்டி எடுத்தார்கள்.
அந்தக் கூலி நாற்பத்தெட்டாம் பக்கம்.
அதற்கும் வட்டம் போட்டிருக்கிறீர்கள்.

இனி உங்கள் மூன்றாவது வட்டம்.
'குழந்தைகள் வார்டு: வருமானம்
நாலு லட்சத்துச் சொச்சம் குறைவு. காரணம் தருக.'
சார், காரணம் நாற்பத்தேழாம் பக்கம்.

போன ஆடியில் அந்த வார்டுக்குப் போனேன்.
பன்னிரண்டில் ஒன்பது கட்டில் காலி.
போட்ட விரிப்பு கசங்காமல் கிடந்தது.
ஜெர்லின் சிஸ்டர் ஜன்னலோரம்
பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள்.
வராத பிள்ளைக்கு பில் போட முடியாது.
ஏறாத சலைனுக்கு ரசீது இல்லை.
பேரேட்டில் அது நஷ்டமாகத்தான் விழும்.
வேறு எங்கே விழும்?

ஸ்கேனுக்கு இன்றும் நாகர்கோவில்தான் அனுப்புகிறோம்.
வைகாசியில் ஒரு ரப்பர் வெட்டுக்காரர்
பார்வதிபுரம் தாண்டும் முன்பே முடிந்துபோனார்.
அதையும் இதே கடிதத்தில் எழுதாவிட்டால்
நான் எழுதுவது கணக்கில்லை.

போன வாரம் லூர்தம்மாள் கவுண்டருக்கு வந்தாள்.
யாருக்கும் நோயில்லை. இடுப்பில் காலிச் சருவம்.
பழைய பில்லுக்கென்று
நூற்று நாற்பது ரூபாய் நீட்டினாள்.
"அது அப்பவே தள்ளுபடி ஆயாச்சு."
"நீங்க தள்ளினிய. நான் தள்ளல்ல."

சாளை மணக்கும் அந்த நோட்டுகள்
என் இழுப்பறையில் ஒரு கவருக்குள் இருக்கின்றன.
மூடிய கணக்கில் வரவு வைக்க வழியில்லை.
நன்கொடை என்று எழுதினால் சண்டைக்கு வருவாள்.
எட்டு நாளாய் நூற்று நாற்பது ரூபாய்
கணக்கு உதைக்கிறது.

எந்தத் தலைப்பில் எழுதட்டும், சார்?
சிவப்பு மையிலேயே சொல்லுங்கள்.